செஞ்சி ராக்கெட் மியூசியத்தில் நைனாவின் படம்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டை ஏறப் போவார்கள். அமாவாசை என்றால் அங்கே இறங்கி மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்கு வண்டி மாறுவார்கள். நானும் நைனாவும் ராக்கெட் பார்க்கப் போனோம். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து எழுதுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் நைனா, அதாவது என் அப்பா, பிறந்த பக்கம் நான் போனது இதுதான் முதல் தடவை, அதுவும் நாற்பத்திரண்டு வயதில்.

காலை ஐந்தரைக்கே கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நிற்க இடமில்லை. எலுமிச்சம்பழப் பையும் வேப்பிலையுமாக ஒரு கூட்டம் 'மலையனூர், மலையனூர்' என்று ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அன்று அமாவாசை என்பதே உறைத்தது. காலமெல்லாம் ராக்கெட் நிலையத்துச் சம்பளத்தில் சாப்பிட்ட குடும்பம், வானத்தில் நிலா இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கிளம்பியிருக்கிறது. திருவண்ணாமலை வண்டி ஒன்றில் முட்டி மோதி ஏறினோம். நைனாவுக்கு மட்டும் ஒருவர் இடம் கொடுத்தார். நைனா கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தார். அதில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டை. கூட்டத்தில் கசங்கிவிடக் கூடாது என்று போட்டுக்கொள்ளாமல் கொண்டுவந்திருந்தார்.

நைனா ராக்கெட் நிலையத்தில் வெல்டர். ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். வயது எழுபத்து நான்கு. வல்லத்துக்கு உட்புறம் இருக்கும் ஒரு கிராமத்தில் ஊர்த் தெருவில் பிறந்தவர். என் அம்மா அதே கிராமத்தில் காலனியில் பிறந்து நர்சிங் படித்தவர். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி ஊருக்கு எட்டிய அன்று, நைனாவின் அண்ணன் தணிகாசலம் கிணற்றடியில் நின்று தலை முழுகினாராம். பிணம் எடுத்த வீட்டில் முழுகுவதுபோல, நாலு பேர் பார்க்க. அன்றைக்கு விட்டதுதான். எந்தக் கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்ததில்லை, எந்தச் சாவுக்கும் சொல்லி அனுப்பியதில்லை.

அப்படியிருக்க, ஒரு மாதத்துக்கு முன்னால் நைனாவின் பள்ளிக்கூடத்து நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். செஞ்சியில் தணிகாசலம் தன்னுடைய பழைய மில்லில் ஒரு விண்வெளி மியூசியம் திறந்திருக்கிறார். யாரோ ரிப்பன் வெட்டுகிறார்கள். வெட்டுகிறவரின் தோளுக்குப் பின்னால், சுவரில், பாதி மறைந்தபடி நைனாவின் படம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீலச் சீருடையில் எடுத்து வீட்டுக்கு அனுப்பிய படம். நைனா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மாடியில் குடியிருப்பவர்களுக்குக் காட்டினார், பால் பூத்தில் காட்டினார்.

"அண்ணன் மனசு மாறிட்டாரு. இல்லன்னா செவுத்துல மாட்டுவாரா?" என்றார் அம்மாவிடம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எனக்கு ஏது அந்த ஊரு? உங்களுக்கு இருக்குதுன்னு தோணுச்சின்னா போய்ட்டு வாங்க" என்றார். எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கிளம்பினேன்.

திண்டிவனம் தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் மூச்சு விட்டது. கண்டக்டர் டிக்கெட்டைச் சரிபார்த்தபடி, "மலையனூரு போலியா பெரியவரே?" என்றார்.

"இல்லப்பா. செஞ்சியில ராக்கெட் மியூசியம் வந்துக்குது இல்ல? அதப் பாக்கப் போறோம்."

"செஞ்சியில ராக்கெட்டா? யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் முன்னால் போனார். நைனாவும் சிரித்தார்.

வல்லம் வந்தபோது நைனா ஜன்னல் பக்கம் கை நீட்டினார். பிடுங்கிப் போட்ட மணிலாச் செடிகள் வேர்க்கடலையோடு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. "இங்க எறங்கி உள்ள போனா நம்ம ஊரு" என்றார். நம்ம ஊராம்! என் தாய்வழிப் பாட்டன் செத்தபோது பிணத்தை ஊர்த் தெரு வழியாகக் கொண்டுபோக விடாத ஊர்.

ஒன்பதரைக்குச் செஞ்சி. பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு நைனா சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். எதிரே கோட்டை இருக்கும் ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை வந்துவிட்டதாக ஊரெல்லாம் பலகை. ஆளுக்கு நாலு இட்லி, ஒரு காபி; இருவருக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய். சாம்பார் என்ற பெயரில் ஊற்றப்பட்டதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

மேல்மலையனூர் சாலையில் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநருக்கு மியூசியம் என்றால் தெரியவில்லை. தணிகாசலம் பெயரைச் சொன்னதும் புரிந்தது.

"அந்தக் கடல மில்லா? ஆமா, ராக்கெட்டுன்னு ஒண்ணு செஞ்சி வெச்சிக்கினு இருக்காரு. பாத்ரூம் சுத்தமா இருக்கும்மா. மலையனூரு போற வேனுங்க அதுக்கோசரம்தான் அங்க நிறுத்துறானுங்க" என்றார்.

மியூசியத்தின் முழு விவரம் இது. முன்பு மணிலா மூட்டை அடுக்கிவைத்த ஒரு தகரக் கொட்டகை. வாசலில் இரண்டு ஆள் உயரத்தில் ஃபைபர் ராக்கெட். அதன் மூக்கில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ராக்கெட்டின் வயிற்றில் இன்னும் இருந்தன. திருஷ்டிப் பூசணிக்காய் தனியாக. நுழைவுக் கட்டணம் இருபது ரூபாய், சிறுவர்களுக்குப் பத்து. கழிப்பறை இலவசம். உள்ளே தெர்மோகோல் கோள்கள் மீன்வலை நரம்பில் தொங்கின. சனியின் வளையம் உடைந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. கிரஷர் தூளைக் கொட்டி நிலவின் தரை அமைத்திருந்தார்கள். அதில் ஏதோ ஒரு பூனை தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் நைனா வாயெல்லாம் பல்லாக நடந்தார். "பரவால்லியே, பரவால்லியே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்வது சங்கீதா என்ற இளம்பெண். இயற்பியல் பட்டதாரி. டிக்கெட் கிழிப்பது, விளக்கம் சொல்வது, கழிப்பறை கழுவுவது மூன்றும் அவள் பொறுப்பு. வேனில் வராமல் மியூசியத்தைப் பார்ப்பதற்கென்றே இரண்டு பேர் வந்தது அவளுக்குச் சந்தோஷம். எங்களை ஒரு எடை மெஷின் மேல் ஏற்றினாள். மேலே 'நிலவில் உங்கள் எடை' என்று எழுதியிருந்தது. அறுபத்தாறு கிலோ நைனா அங்கே வெறும் பதினொன்று. பிறகு ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"எடுத்துக்கங்க சார். இன்னிக்கி அமாவாசயாச்சே, ஓனரு வீட்டு மருமவ படையல் போட்ட வட. ஆறக்கூட இல்ல."

நைனா மகிழ்ச்சியோடு ஒன்றை எடுத்துக் கடித்தார். அண்ணன் வீட்டு வடை. நாற்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கும், அந்த வீட்டுச் சோறு அவர் வாயில் பட்டு. அதைத் தின்றபடியே கடைசிச் சுவருக்குப் போனார்.

அங்கே படம் இருந்தது. நீலச் சீருடை, சுருட்டை முடி, இடது புருவத்துக்கு மேல் பட்டாணி அளவு மச்சம். கண்ணாடிக்கு மேல் சந்தனப் பொட்டு. படத்தைச் சுற்றிச் சந்தனச் சீவல் மாலை. மேலே சிவப்பு நிறச் சின்ன பல்பு எரிந்தது. கீழே ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு வடை, கொஞ்சம் பாயசம். இலையில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. வாட்ஸ்அப் படத்தில் சுற்றிலும் பூ அலங்காரமாக இருந்ததால் மாலை தனியாகத் தெரியவில்லை. திறப்பு விழா என்றால் எல்லாவற்றுக்கும்தானே மாலை போடுவார்கள் என்று விட்டுவிட்டோம்.

படத்துக்குக் கீழே பலகையில் நாலு வரி எழுதியிருந்தது. நைனா சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடிய பழைய சட்டையிலயே வுட்டுட்டேன். இன்னான்னு போட்டுக்குது, படி கண்ணு" என்றார்.

நான் படித்தேன். வேறு என்ன செய்வது? "செஞ்சி மண்ணின் மைந்தர், விஞ்ஞானி, அமரர் ஏகாம்பரம். திருமணம்கூடச் செய்துகொள்ளாமல் ராக்கெட் ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்படைத்து, பணியின்போது நேர்ந்த வெடிவிபத்தில் இளம் வயதிலேயே உயிர்நீத்த தியாகி."

"வெல்டர விஞ்ஞானி ஆக்கிட்டாங்க" என்று நைனா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கையில் மீதி வடை இருந்தது. அதையும் இலையில் இருந்த வடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சங்கீதா பின்னாலேயே வந்து தன் விளக்கத்தைத் தொடங்கினாள். "இவரு நம்ம ஓனரோட தம்பி சார். மாசாமாசம் அமாவாசைக்கி இவருக்குத்தான் படையல். அந்த மருமவப் பொண்ணு எவ்ளோ பக்தியா செய்யும் தெரியுமா..."

"சங்கீதா, அந்த ஆள் இவர்தான்" என்றேன்.

அவள் நைனாவின் புருவத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சார், அந்த வடையத் துப்பிடுங்க, துப்பிடுங்க!" என்று பதறினாள். உயிரோடு இருப்பவன் தன் படையலைத் தானே தின்பதைவிட அபசகுனம் வேறு என்ன இருக்க முடியும்?

"ஏம்மா, நல்லாத்தான் இருக்குது" என்று நைனா மீதியையும் வாயில் போட்டு மென்று முடித்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். தணிகாசலம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது இதுதான்: சின்னவர் ராக்கெட் வெடித்துச் செத்துப்போனார். நைனாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, மாப்பிள்ளை பார்த்த காலத்தில் சம்பந்திகளிடம் அப்படித்தான் சொன்னார்களாம். காலனிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னால் சம்பந்தம் கூடிவராது. செத்துப்போனான் என்றால் அனுதாபமும் சேர்ந்து கிடைக்கும். தொடர்ந்து தணிகாசலத்தின் மூன்று மகன்களுக்குப் பெண் எடுத்தபோதும் அதே கதை. தலை முழுகியதோடு நிறுத்தாமல் சாவுக்குக் காரணமும் கண்டுபிடித்து, மாலையும் வாங்கிப் போட்டுவிட்டார்கள். போன வருடம் மில் படுத்துவிட, சும்மா கிடக்கும் கொட்டகையில் எதையாவது வைக்கலாம் என்று யோசித்தபோது வீட்டிலேயே ஒரு ராக்கெட் தியாகி தயாராக இருந்திருக்கிறார்.

"போன் போடும்மா" என்றார் நைனா. "ஏகாம்பரம் வந்திருக்கான்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம், ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

தணிகாசலத்தின் வீடு சாலைக்கு எதிர்ப்புறம்தான். சங்கீதா போனை எடுத்துக்கொண்டு ராக்கெட் அருகே போனாள். "ஆமாங்க ஐயா. அவரேதான். உசுரோடதாங்க" என்றது எங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நெடுநேரம் 'சரிங்க, சரிங்க' மட்டும்தான். எதிர்வீட்டு மாடியில் வேட்டி கட்டிய ஒருவர் வந்து நின்றார். காதில் போன். எங்கள் பக்கம் பார்த்தார். நைனாவும் வாசலுக்கு வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நடுவில் இருந்தது ஒரு தார்ச் சாலை மட்டும். அந்த மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சங்கீதா திரும்பி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "ஐயா ஊர்ல இல்லியாம் சார். வர்ற வாரம் பேத்திக்கி நிச்சயமாம். சம்பந்தி வூட்டுக்காரங்க தெரிஞ்சிக்கினா ஆவாதாம். படம் இப்பிடியே இருக்கறதுன்னா இருக்கட்டும், வேணாம்னா கழட்டி அவருகிட்டயே குடுத்துடுன்னு சொல்றாரு. ஆனா மால இல்லாம, எழுதுனத மாத்தி, அதெல்லாம் முடியாதாம்."

எனக்கு அந்த மாடிக்கு ஏறிப்போய், சம்பந்திகளையும் அந்த வடை சுட்ட மருமகளையும் கூப்பிட்டு வைத்து, நாற்பது வருடத்தையும் கொட்டித் தீர்க்கவேண்டும்போல் வந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் கண்ணு. அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுடும்."

"அப்ப படம்?"

"இருக்கட்டும். செவுத்துலயாவது இருக்கட்டும்" என்றார். அப்போது என் அப்பாமேல் வந்த கோபம் அந்த வேட்டிக்காரர்மேல் வந்ததைவிடப் பெரிது. செத்தவனாகவாவது ஊருக்குள் இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். அதற்காகவா கஞ்சி போட்ட சட்டை?

பதினொன்றரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. மேல்மலையனூரில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் கூட்டம். பெண்கள் கழிப்பறைக்கு வரிசை கட்டினார்கள். அவர்களில் நடுவயதுப் பெண் ஒருத்தி, வரிசை நகரும்வரை வேடிக்கை பார்க்க உள்ளே வந்தாள். கோள்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாலை போட்ட படத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த மலையனூர்க் குங்குமத்தை எடுத்து நைனாவின் நெற்றியில், அதாவது படத்தின் நெற்றியில், வைத்தாள். பக்கத்தில் நின்ற நைனாவிடமே கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவருதாம்மா."

"பாவம். கல்யாணம்கூட ஆவல பாரேன். அழுவறதுக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு புள்ள இல்லாம போய்ட்டாரு."

நைனா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆச்சும்மா" என்றார். "கல்யாணம் ஆச்சி. பொண்டாட்டி பேரு செல்வி, நர்ஸு. அவங்க காலனிப் பொண்ணு. இதோ நிக்கிது பாரு, இது அவரு பொண்ணு."

அந்தப் பெண் என் கையைப் பிடித்து, "அப்பா மாதிரியே இருக்க" என்று சொல்லிவிட்டு, வரிசை நகர்ந்துவிட்டதால் ஓடிவிட்டாள். நைனா சங்கீதாவைக் கூப்பிட்டார். குரல் ஃபோர்மேன் குரலாக மாறியிருந்தது. "ஸ்டூல் இருந்தா எடுத்தாம்மா. அந்த படத்தக் கழட்டு."

அவள் ஏறிக் கழற்றினாள். நைனா படத்தை வாங்கிக்கொண்டு, மாலையை உருவித் திரும்ப அவள் கையில் கொடுத்தார்.

"இது அவங்க வாங்குனது. இத அந்த ஆணியிலயே மாட்டிடு."

அவள் மாட்டினாள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே வெறும் மாலை, நடுவில் படம் இருந்த இடத்தில் வெள்ளையடித்த சதுரம், கீழே இலையில் பாயசம், அமரர் பலகை.

திரும்பும் வண்டியிலும் அமாவாசைக் கூட்டம். நைனா குங்குமம் வைத்த தன் படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பாட்டுப் போட்டிருந்த ஒருவன் செல்போனை அணைத்தான். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது மெதுவாக, "உங்க தம்பிங்களா?" என்றார்.

"நான்தாம்ப்பா" என்றார் நைனா. கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். வல்லம் வந்தபோது நைனா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

இரவு எட்டு மணிக்கு அம்பத்தூரில் வீடு. அம்மா கதவைத் திறந்தார். நைனாவையும் அவர் மடித்துப் பிடித்திருந்த பழைய சட்டைக்கு மேல் இருந்த படத்தையும் பார்த்தார். முந்தானையால் கண்ணாடி மேலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தார்.

"சாப்டீங்களா?"

"அண்ணன் வூட்ல வட சாப்ட்டேன்" என்றார் நைனா.

"இத எங்கம்மா மாட்டறது?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு மாட்டணும்? ஆளுதான் இருக்குதே" என்று சொல்லி, படத்தை ஃபிரிட்ஜுக்கு மேல் குப்புற வைத்துவிட்டு அம்மா தோசை ஊற்றப் போனார்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பாருங்கள். ஏறுவதற்குக் காலை நேரம் நல்லது, தண்ணீர் எடுத்துப் போங்கள். ராக்கெட் மியூசியம் மேல்மலையனூர் சாலையில் இரண்டு கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் இருபது ரூபாய், கழிப்பறை சுத்தமாக இருக்கும். உள்ளே கடைசிச் சுவரில் ஒரு வெறும் மாலை தொங்கும். அதன் கீழே எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தினமும் காலையில் அவர்தான் எங்கள் வீட்டுக்குப் பால் வாங்கப் போகிறார்.